'லாஸ்ட்' தொடரின் 'வாக்அபவுட்': பஸ்ஸில் இடம் கிடைக்காதவர்

சில டிவி எபிசோட்களை ஒரு முறை பார்த்தால் போதும். சிலவற்றை இரண்டு முறை பார்க்க வேண்டும். 'லாஸ்ட்' தொடரின் முதல் சீசனில் வரும் 'வாக்அபவுட்' இரண்டாவது ரகம். முதல் முறை பார்க்கும்போது அது ஜான் லாக் என்பவரின் கதை. இரண்டாம் முறை பார்க்கும்போது அது டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கதை. அதுவும் அவ்வளவு பெருமையான கதை இல்லை.

(எச்சரிக்கை: கடைசி நிமிட ரகசியம் இங்கே உடைக்கப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வந்து படிக்கவும். 2004-ல் வந்த எபிசோடுக்கு இன்னுமா ரகசியம் என்று கேட்கலாம். இந்த ஒன்றுக்கு அந்த மரியாதை கொடுத்தே ஆகவேண்டும் :-))

தொடரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2004 செப்டம்பர் 22 அன்று தொடங்கி 2010 மே 23 அன்று முடிந்தது 'லாஸ்ட்'. மொத்தம் ஆறு சீசன்கள். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிற ஓஷியானிக் 815 என்ற விமானம் நடுவானில் உடைந்து ஒரு தீவில் விழுகிறது. கடற்கரையில் 48 பேர் பிழைத்துக் கிடக்கிறார்கள். காப்பாற்ற யாரும் வரவில்லை. காட்டுக்குள் மரங்களைச் சாய்த்துக்கொண்டு ஏதோ ஒன்று உலாவுகிறது. ஒவ்வொரு எபிசோடும் தீவில் நடப்பதையும் யாராவது ஒரு பயணியின் பழைய வாழ்க்கையையும் மாற்றி மாற்றிக் காட்டும். துருவக்கரடி, தரைக்கடியில் ஒரு கதவு, ஆறு எண்கள் என்று மர்மங்கள் குவிந்ததும், பதில் ஒழுங்காக வரவில்லை என்று கடைசியில் ரசிகர்கள் சண்டை போட்டதும் தனிக்கதை. அந்தச் சண்டைக்கும் இந்த எபிசோடுக்கும் சம்பந்தம் இல்லை. 'லாஸ்ட்' முடிவைத் திட்டித் தீர்ப்பவர்கள்கூட 'வாக்அபவுட்'டைத் திட்டுவதில்லை.

2004 அக்டோபர் 13 அன்று ஒளிபரப்பான நான்காவது எபிசோட் இது. எழுதியவர் டேவிட் ஃபியூரி, இயக்கியவர் ஜாக் பெண்டர். ஃபியூரியின் எழுத்து 2005-ல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. லாக்காக நடித்தவர் டெரி ஓ'க்வின். பின்னால் 2007-ல் இதே பாத்திரத்துக்காக எம்மி வாங்கினார்.

கதைக்கு வருவோம். விமானத்தில் இருந்த சாப்பாடு தீர்ந்துவிட்டது. கடைசிக் கடலைப் பொட்டலத்துக்கு ஹர்லியும் சாயரும் அடித்துக்கொள்கிறார்கள். அப்போது எங்கிருந்தோ ஒரு கத்தி பறந்து வந்து சாயர் பக்கத்தில் இருந்த சீட்டில் குத்தி நிற்கிறது. எறிந்தவர் லாக். அதுவரை அதிகம் பேசாமல், மழை பெய்தால் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மொட்டைத் தலைக்காரர். தீவில் காட்டுப்பன்றி இருக்கிறது, வேட்டையாடலாம் என்கிறார். அவர் பெட்டியைத் திறந்தால் உள்ளே வரிசையாகக் கத்திகள். யாருடா இந்த ஆள் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். பார்ப்பவருக்கும் அதே கேள்விதான்.

லாக், கேட், மைக்கேல் மூவரும் காட்டுக்குள் போகிறார்கள். பன்றி பாய்ந்து மைக்கேலுக்குக் காலில் காயம். லாக்கையும் தள்ளிவிடுகிறது. திரும்பிவிடலாம் என்கிறாள் கேட். மாட்டேன் என்கிறார் லாக். என்னால் முடியாது என்று நீங்கள் யாரும் சொல்லாதீர்கள் என்ற தொனியில் ஒரு பதில் சொல்லிவிட்டுத் தனியாகப் போகிறார். போன இடத்தில் அந்தக் காட்டுப் பூதத்துக்கு முன்னால் மாட்டிக்கொள்கிறார். செத்துப்போயிருப்பார் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் செத்த பன்றியை இழுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் ரத்தத்தோடு காட்டிலிருந்து நடந்து வருகிறார்.

ஒரு மாஸ் ஹீரோவுக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. கத்தி, காடு, பயமின்மை, தனி ஆளாகத் திரும்பி வருவது. இந்தப் பக்கம் இவ்வளவு என்றால், ஃபிளாஷ்பேக் பக்கம் நேர் எதிர்.

கலிஃபோர்னியாவில் அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்று. சின்னத் தடுப்பு அறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் அதே லாக். வசூல் பிரிவில் மேற்பார்வையாளர் வேலை. போனில் யாரோ அவரைக் கர்னல் என்று கூப்பிடுகிறார்கள். ராணுவ ரகசியம்போல் பேச்சு நடக்கிறது. பார்த்தால், மத்தியான இடைவேளையில் சக ஊழியரோடு விளையாடும் போர் விளையாட்டுக்கான அழைப்பு அது. ராண்டி என்ற மேனேஜர், வயதில் சின்னவன், ரிப்போர்ட் எங்கே என்று வந்து நிற்கிறான். நீ ராணுவத்தில் இருந்ததே இல்லையே, பிறகென்ன கர்னல் என்று கிண்டல் செய்கிறான். லாக் 'வாக்அபவுட்' போகப்போவதாகச் சொன்னதும் கிண்டல் கூடுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் காட்டுவழியே நெடுந்தூரம் நடந்து போகும் வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் அது. உன்னால் அதெல்லாம் முடியாது, கனவு காணாதே என்கிறான் ராண்டி.

அடுத்து லாக்கின் வீடு. கட்டிலில் உட்கார்ந்தபடி ஹெலன் என்ற பெண்ணோடு போனில் பேசுகிறார். ஆஸ்திரேலியா போக இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், நீயும் வா என்கிறார். காதலி என்று நினைத்தால், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு பேசும் போன் சேவையில் வேலை பார்ப்பவள் அவள். வாடிக்கையாளரைச் சந்திக்கக் கூடாது என்பது விதி. போனை வைத்துவிடுகிறாள். கடைசி ஃபிளாஷ்பேக் ஆஸ்திரேலியாவில், டூர் கம்பெனி அலுவலகத்தில். வெளியே பஸ் நிற்கிறது. முகவர் லாக்கை ஏற்றமாட்டேன் என்கிறார். உங்கள் நிலைமையை நீங்கள் சொல்லவில்லை, எங்கள் இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது, மற்றவர்களைக் காக்கவைக்க முடியாது, வேண்டுமானால் எங்கள் செலவில் சிட்னிக்கு அனுப்பிவைக்கிறோம். இதுதான் அவர் சொல்வதன் சாரம். லாக் கெஞ்சுகிறார், பிறகு கத்துகிறார். முகவர் பஸ்ஸை நோக்கிப் போய்விடுகிறார். கேமரா பின்வாங்குகிறது.

லாக் வீல்சேரில் இருக்கிறார்.

நான்கு வருடமாக இடுப்புக்குக் கீழே செயல்படாதவர். விமானம் விழுந்த நாளில், கடற்கரையில் கண் விழித்து, கால்விரல் அசைவதைப் பார்த்து, எழுந்து நின்றவர். எபிசோடின் முதல் காட்சியே அந்தக் கால்விரல்தான். கண்முன்னால் வைத்துவிட்டே மறைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் முறை பார்த்தால் எல்லாமே தெரிகிறது. ஃபிளாஷ்பேக்கில் லாக் ஒரு இடத்தில்கூட நிற்பதில்லை. மேஜை, கட்டில், மறுபடி மேஜை. ராண்டிதான் நிற்கிறான், குனிகிறான், பக்கத்தில் வந்து உட்காருகிறான். கட்டிலில் பேசும் காட்சியில் நரம்பு தூண்டும் கருவி தெரிகிறது. பன்றி தள்ளிவிட்டதும் லாக் உடனே எழுந்திருக்காமல் தன் பாதத்தையே பார்க்கிறார். காலில் அடிபட்டுவிட்டதோ என்று தோன்றும். அவர் பயம் வேறு என்று பிறகுதான் புரிகிறது. தொலைக்காட்சி வரலாற்றின் நல்ல ட்விஸ்ட்களில் ஒன்று என்று இதை எல்லோரும் பாராட்டுவது இதனால்தான். ஆனால் ட்விஸ்ட் என்ற வார்த்தையோடு பாராட்டை முடித்துக்கொண்டால், எபிசோட் செய்த முக்கியமான வேலை கணக்கில் வராமலே போய்விடும்.

ஒரு சின்னப் பரிசோதனை. காட்சிகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதல் காட்சியிலேயே வீல்சேரைக் காட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அதே லாக், அதே அலுவலகத்தில், ஆஸ்திரேலியக் காட்டில் நடைப்பயணம் போகப்போகிறேன் என்கிறார். பார்ப்பவர் மனதில் என்ன ஓடும்? ஐயோ பாவம். இது எப்படி நடக்கும்? யாராவது எடுத்துச் சொல்லக்கூடாதா? அதாவது, ராண்டி சொன்னதைத்தான் பார்ப்பவரும் சொல்லியிருப்பார். கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீல்சேர் தெரியாததால் நடந்தது வேறு. நாற்பது நிமிடம் வரை ராண்டி ஒரு அற்பன், லாக்குக்குள் ஒரு வீரன் ஒளிந்திருக்கிறான், அந்த டூர் கம்பெனிக்காரனுக்கு அறிவே இல்லை என்று பார்ப்பவர் லாக் பக்கம் நின்றார். வீல்சேர் தெரிந்த அடுத்த நொடி, பலர் மனதிலும் ஒரு சின்ன நகர்வு நடக்கிறது. 'ஓ, அதனால்தானா' என்கிற நகர்வு. ஒரே நொடியில் முகவர் பக்கத்து நியாயம் புரிந்துவிடுகிறது. லாக்கின் அறிவு மாறவில்லை, கத்தி எறியும் கை மாறவில்லை, காட்டைப் பற்றி அவர் படித்து வைத்திருப்பது மாறவில்லை. ஒரு நாற்காலி கண்ணில் பட்டது, மதிப்பெண் குறைந்துவிட்டது. அந்த நகர்வைப் பார்ப்பவரின் தலைக்குள்ளேயே நடத்திக் காட்டுகிறது எபிசோட். அதன் உண்மையான சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது.

சரி, முகவர் வில்லனா? இல்லை. காட்சி வலிப்பதற்கே காரணம் அதுதான். ராண்டியை வெறுப்பது சுலபம். அவன் வேண்டுமென்றே குத்துகிறான். முகவர் அப்படி இல்லை. குரலை உயர்த்தவில்லை, கேலி செய்யவில்லை, திரும்பிப்போகச் செலவையும் கம்பெனி ஏற்கும் என்கிறார். வாடிக்கையாளர் சேவைக்கு மாடலாகக் காட்டலாம். வணிகவியல் படிக்கிற யாரும் அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க மாட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் முக்கியமான எந்த விவரத்தையும் மறைக்கக்கூடாது என்பது முதல் பாடம். ஆபத்தின் அளவை மாற்றக்கூடிய விவரம் மறைக்கப்பட்டால் பாதுகாப்பே இல்லாமல் போகலாம். பயணி ஒருவர் தன் உடல்நிலையைச் சொல்லாமல் பதிவு செய்தால், காட்டில் ஏதாவது ஆகும்போது கம்பெனி தனியாக மாட்டிக்கொள்ளும். முகவரின் பயம் நிஜமான பயம்தான்.

லாக் மறைத்தது தவறு. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ஏன் மறைத்தார் என்ற கேள்வியையும் கேட்க வேண்டுமில்லையா? பதிவு செய்யும்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெல்போர்ன் வரை வந்து கேட்ட அதே 'முடியாது' கலிஃபோர்னியாவிலேயே போனில் கிடைத்திருக்கும். விமானச் செலவு மிச்சம், அவ்வளவுதான். சொன்னால் மறுப்பு, சொல்லாவிட்டால் ஏமாற்று. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கட்டம் ஒன்று விண்ணப்பத்தில் இல்லை. உண்மை சொல்பவருக்குத் தண்டனை மட்டுமே காத்திருக்கிற இடத்தில் மனிதர்கள் மறைக்கத்தான் செய்வார்கள். பிறகு அந்த மறைப்பையே காரணமாகக் காட்டி மறுப்பதும் சுலபம். லாக் மாட்டிக்கொண்டது இந்தப் பொறியில். அதை அவர் ஒருவர் மட்டும் செய்யவில்லை.

அந்த மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்? 'வர முடியுமா முடியாதா' என்ற கேள்விக்குப் பதிலாக, 'வருவதற்கு என்ன தேவை' என்ற கேள்வி. அந்த அலுவலகத்தில் கடைசிவரை அதை யாரும் கேட்கவில்லை. முழுப் பாதை முடியாவிட்டால் எந்தப் பகுதி முடியும்? முகாம் வரை வண்டி போகுமா? கூட ஒரு வழிகாட்டி வந்தால் எவ்வளவு கூடுதல் செலவு? லாக்கே அந்தச் செலவைக் கொடுப்பாரா? ஒருவேளை இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பிறகும் பதில் 'முடியாது' என்றே வந்திருக்கலாம். கரடுமுரடான பாதையில் வீல்சேர் ஓடாது என்பது தப்பெண்ணம் இல்லை, தரையின் தன்மை. ஆனால் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லும் 'முடியாது' வேறு, நாற்காலியைப் பார்த்ததும் சொல்லும் 'முடியாது' வேறு. முதலாவதில் எதிரே இருப்பவர் ஒரு மனிதர். இரண்டாவதில் அவர் ஒரு ரிஸ்க்.

இது டிவி ரசிகரின் ஆசை மட்டும் இல்லை, கதை நடக்கும் நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் ஊனத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. கதை நடக்கும் 2004-ல் அதற்குப் பன்னிரண்டு வயது. பொருள் விற்பவரும் சேவை தருபவரும் ஊனத்தைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்பது பொது விதி. அதே சட்டத்தில் விலக்குகளும் உண்டு. ஏற்பாடு செய்வது நியாயப்படுத்த முடியாத அளவு கஷ்டத்தைத் தரும் என்றால் மறுக்கலாம். இன்ஷூரன்ஸ் விஷயத்தில், நம்பத்தகுந்த புள்ளிவிவரத்தின் அடிப்படையில் வேறுபடுத்தலாம். ஆக, முகவர் கோர்ட்டில் ஜெயித்திருக்கவும் வாய்ப்பு உண்டு, தோற்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் கஷ்டம் எவ்வளவு என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த விலக்குக்கே அர்த்தம். 'இன்ஷூரன்ஸ்' என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடப்பது அளந்து பார்ப்பது ஆகாது.

எதிர்வாதம் ஒன்று வரும். மற்ற பயணிகள் என்ன பாவம் செய்தார்கள்? ஒருவருக்காக எல்லோருடைய பயணமும் கெட வேண்டுமா? முகவரும் இதைத்தான் நியாயம் என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த பஸ்ஸின் படி இரண்டு கால் உள்ளவர்களின் உயரத்துக்கு அளந்து செய்யப்பட்டது. பாதையின் நேரம் அவர்கள் நடைக்கு ஏற்றபடி போடப்பட்டது. அந்த ஏற்பாட்டுக்கான செலவை யாரும் சலுகை என்று சொல்வதில்லை, டிக்கெட் விலை என்று சொல்கிறார்கள். லாக்குக்கு வேண்டிய ஏற்பாடு மட்டும் அடுத்தவர் தலையில் விழும் சுமை ஆகிவிடுகிறது.

ராண்டியோடு வாக்குவாதம் செய்யும்போது லாக் ஒரு பெயரைச் சொல்கிறார்: நார்மன் குரூச்சர். இரண்டு காலும் இல்லாதவர், எவரெஸ்ட் ஏறினார், அது அவர் விதி என்கிறார். குரூச்சர் கற்பனைப் பாத்திரம் இல்லை, இரு கால்களையும் இழந்த பிரிட்டிஷ் மலையேற்றக்காரர். ஆனால் அவர் எவரெஸ்ட் ஏறியதில்லை. எபிசோட் வந்தபோது இரு கால்களையும் இழந்த எவருமே எவரெஸ்ட் உச்சியைத் தொட்டிருக்கவில்லை. லாக் சொன்னது தப்பான தகவல். வேடிக்கை என்னவென்றால், இரண்டு வருடத்தில் அது உண்மையாகிவிட்டது. 2006 மே மாதம் நியூசிலாந்தின் மார்க் இங்லிஸ் ஏறினார். 1982-ல் மவுண்ட் குக் மலையில் பனிப்புயலில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் இழந்தவர் அவர். எவரெஸ்ட் ஏறும் வழியில் செயற்கைக் கால் ஒன்று உடைந்துபோக, அதைச் சரிசெய்துகொண்டு மேலே போனார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் எப்படி ஏறினார் என்பது. விதி தூக்கிக்கொண்டு போகவில்லை. கார்பன் ஃபைபர் கால், உதிரிப் பாகம், பயிற்சி, கூட வந்த குழு. 'வருவதற்கு என்ன தேவை' என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனார். லாக்குக்கு விதி என்ற வார்த்தை மேல் அவ்வளவு பிடிப்பு இருப்பதற்குக் காரணம், பட்டியல் போட அவர் பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான். அலுவலகத்தில் ஒரு சக ஊழியர், போனில் காசுக்குப் பேசும் ஒரு குரல். உதவ மனிதர்கள் இல்லாதபோது விதியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

'லாஸ்ட்' மேல் வைக்க வேண்டிய குறையும் இங்கேதான் வருகிறது. லாக்கின் பிரச்சனைக்குத் தொடர் கொடுத்த விடை ஒரு அதிசயம். தீவு அவர் காலைச் சரி செய்துவிட்டது. கேள்வி பஸ்ஸில் தொடங்கியது, விடை காலில் முடிந்தது. எபிசோடின் கடைசிக் காட்சியில் விமானத்தின் உடல் எரிகிறது, இறந்தவர்களின் பெயர்களைக் கிளேர் வாசிக்கிறாள், தீ வெளிச்சத்தில் லாக் தன் காலி வீல்சேரைப் பார்த்து நிற்கிறார். அழகான காட்சி. ஆனால் காலி நாற்காலி பார்ப்பவருக்கு ஒரு நிம்மதியையும் கொடுத்துவிடுகிறது. அப்பாடா, இனி அந்த பஸ் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிஜத்தில் தீவு கிடையாது. நாற்காலி காலியாவதில்லை. பஸ் மட்டும் இருக்கிறது.

தொடரை எழுதியவர்களுக்கே இந்தக் கடன் உறுத்தியிருக்க வேண்டும். 2010 பிப்ரவரியில் வந்த 'தி சப்ஸ்டிட்யூட்' என்ற ஆறாவது சீசன் எபிசோடில் திரும்பவும் இங்கே வந்தார்கள். விமானம் விழாமல் ஊர் போய்ச் சேர்ந்த வேறொரு லாக்கின் கதை அதில் வருகிறது. தீவு இல்லை, அதிசயம் இல்லை, வீல்சேர் உண்டு. முதல் காட்சியிலேயே அவர் வேனின் லிஃப்ட் பாதியில் நின்றுவிட, இறங்கப் பார்த்துப் புல்தரையில் விழுகிறார். பிறகு வேலை போகிறது. அதே ராண்டிதான் அனுப்புகிறான். வெளியே வந்தால், பக்கத்தில் ஒரு பெரிய கார் ஒட்டி நிற்கிறது. வேனின் லிஃப்ட் இறங்க இடம் இல்லை. கார் ஹர்லியுடையது. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஆள். காரை எங்கே நிறுத்துகிறோம் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான். 'வாக்அபவுட்' முழுக்க சொல்லாத விஷயத்தை இந்த ஒரு பார்க்கிங் காட்சி சொல்லிவிடுகிறது. அங்கே லாக்கைத் தடுத்தது அவர் முதுகெலும்பு இல்லை, ஒரு கார். அதைத் தீர்க்க அதிசயம் வேண்டாம், சாவி போதும்.

இந்த லாக்கை ரோஸ் என்ற பெண் வேறு வேலையில் சேர்த்துவிடுகிறாள். அவள் புற்றுநோயாளி. மறுத்து மறுத்துப் பார்த்துவிட்டு, இருக்கிற வாழ்க்கையை வாழ முடிவு செய்தவள். அந்தப் பேச்சு லாக்கை மாற்றுகிறது. வீட்டுக்குப் போய் ஹெலனிடம் உண்மையைச் சொல்கிறார். இந்தக் கதையில் ஹெலன் போன் குரல் இல்லை, அவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள். டூர் கம்பெனியில் கத்தியதையும், அவர்கள் சொன்னது சரிதான் என்பதையும் சொல்கிறார். அதிசயத்துக்குக் காத்திருக்காதே என்கிறார். தான் காத்திருந்தது லாக்குக்காக மட்டும்தான் என்கிறாள் ஹெலன். அதன்பின் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் மாற்று ஆசிரியராகப் போய்ச் சேருகிறார். தொடரிலேயே லாக் நிம்மதியாகத் தெரியும் சில நிமிடங்கள் அவை.

நல்ல எபிசோட். ஆனால் ஒரு இடத்தில் இரண்டு விஷயங்களைக் குழப்பிவிட்டது. கால் சரியாகப் போவதில்லை என்று ஏற்றுக்கொள்வது ஒன்று. பஸ்ஸில் ஏற்றாதது சரி என்று ஏற்றுக்கொள்வது இன்னொன்று. முதலாவது பக்குவம். இரண்டாவது தோல்வி. லாக் வாயால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவைத்துவிட்டார்கள். வீல்சேரோடு சமாதானமாக வாழ்கிற ஒருவர், அதே வீல்சேரோடு பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கேட்கலாம். இரண்டுக்கும் முரண்பாடே இல்லை. சொல்லப்போனால், நாற்காலியை ஏற்றுக்கொண்டவர்தான் அதை மறைக்காமல் கேட்பார்.

ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. மெல்போர்னில் அந்த பஸ் லாக்கை ஏற்றிக்கொண்டிருந்தால், அவர் ஓஷியானிக் 815-ல் ஏறியிருக்கவே மாட்டார். தீவு இல்லை, பூதம் இல்லை, ஆறு சீசன் முழுக்க அவர் பட்ட பாடும் இல்லை. மறுத்ததால்தான் அதிசயம் நடந்தது, ஆகவே மறுத்தது நல்லதுதான் என்று சில ரசிகர்கள் வாதம் செய்வார்கள். கதைக்கு நல்லது. லாக்குக்கு அல்ல. முடிவில் தீவைவிட்டு வெளியே வந்தபின், மறுபடி வீல்சேரில், ஒரு ஓட்டல் அறையில் கொலை செய்யப்பட்டு இறக்கிறார் அவர். விசேஷமானவர் என்று அவரை நம்பவைத்த எல்லோரும் அவரைப் பயன்படுத்திக்கொண்டவர்கள்தான். அந்த மனிதர் முதலில் கேட்டது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. காசு கட்டிய டூரில் ஒரு சீட்.

'வாக்அபவுட்' மறுபடி பார்க்க வாய்ப்பு கிடைத்தால், கடைசி ஃபிளாஷ்பேக்கில் லாக்கைப் பார்க்காதீர்கள். அவருக்கு எதிரே நிற்கிற முகவரைப் பாருங்கள். நல்ல மனிதர், விதியை மீறாதவர், நேரத்துக்கு பஸ்ஸை எடுக்க வேண்டியவர். நாளை ஏதாவது ஒரு அலுவலகத்தில், ஏதாவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் உட்காரப்போகிறவர்களுக்கு அந்த வேலைதான் கிடைக்கப்போகிறது. லாக் மாதிரி ஒருவர் எதிரே வரும்போது 'முடியாது' என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பஸ் ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பும். அவ்வளவுதானே.